மாடு போகும் பக்கம்

கோர்டன் மெக்ஃபெயிலுக்குக் கொள்கை என்று ஒன்றுதான் இருந்தது. ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போனால், நடுவில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். நடுவில் இல்லாமலே அங்கே போய் நிற்கிற எதையும் அவர் நம்பமாட்டார். இதைத் தத்துவமாக அவர் எப்போதும் சொன்னதில்லை. திரையில் ஒரு பொத்தான் திடீரென்று முளைத்தால் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். இதைப் பற்றி அவரைவிட நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பயன் ஒன்றும் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு கதவை மூடுவதென்றால் மெல்லத் தொடங்குவார், நடுவில் வேகம் கூட்டுவார், கடைசி ஒரு சாணில் மறுபடி மெல்லக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மனைவி க்ளெனிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நிமிடக் கணக்கில் வாழ்கிறவர்.

"கோர்டி, நீ அந்தக் கதவைச் சாத்தி முடிக்கிறதுக்குள்ள ஊர்ல இருக்கிற ஈயெல்லாம் குடும்பத்தோட உள்ள வந்து உக்காந்துருச்சு."

"சாத்துறது தெரியணும்ல?"

"யாருக்கு? ஈக்கா?"

எங்கள் ஊரான இன்வர்கார்கில் பக்கத்தில் அவரை ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கம்பளக் கடைக்காக அவர் வரைந்த தொலைக்காட்சி விளம்பரத்தில், ஒரு செம்மறியாடு நடக்க நடக்க அதன் ரோமம் பின்னால் கம்பளமாக விரியும். ஆறு வருடம் அது ஓடியது. இன்றைக்கும் மதுக்கடையில் அவர் நுழைந்தால் யாராவது ஒருவர் ஆடு மாதிரிக் கத்துவார். பிறகு அந்த மாதிரி வேலைகள் வருவது நின்றது. பால் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தை ஹெதர் சூட்டர் தொடங்கியபோது, திரையில் இருப்பவை அசைய ஓர் ஆள் வேண்டும் என்று கோர்டனைச் சேர்த்துக்கொண்டார். பண்ணைக்காரர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல என்னைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். அவர் அசைத்ததற்கெல்லாம் ஏச்சு வாங்கியது நான்.

எங்கள் திரை தொங்குவது சுழலும் கறவை மேடையின் ஓரத்தில். மாடுகள் ஒவ்வொன்றாக மேடையில் ஏறும். மேடை சுற்றிக்கொண்டே இருக்கும். கறப்பவர் ஒரே இடத்தில் நின்று, தன்னைக் கடந்து போகிற மாட்டின் மடியில் கறவைக் குழாய்களை மாட்டுவார். ஏழு நொடிக்கு ஒரு மாடு. அந்த மாட்டின் எண்ணைத் திரை காட்டும். பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டிய மாடு வந்தால் அது மருந்து ஊசி போட்ட மாடு. கறப்பவர் அதன் எண்ணைத் தொட வேண்டும். தொட்டால் அதன் பால் தனிப் பீப்பாய்க்குப் போகும். தொடாவிட்டால் பெரிய தொட்டிக்குப் போகும், தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதுதான்.

இந்தத் திரைக்குக் கோர்டன் பதினொரு வாரம் உழைத்து ஒரு மாட்டை வரைந்தார். மேடையில் நிஜ மாடு ஏறியதும் திரையில் அந்த மாட்டின் முகம் துள்ளி வரும், கண் சிமிட்டும், தலையைத் தாழ்த்தி ஒரு வணக்கம் சொல்லும், பிறகு எண்ணாக மாறும். எல்லாம் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடி திரை தொடுதலை ஏற்காது. விவசாயக் கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் மொய்த்தது. வங்கி மேலாளர் ஒருவர் வணக்கத்துக்காகவே மூன்று முறை வந்தார். அது அழகாகத்தான் இருந்தது. கண்காட்சியில் யாரும் பால் கறக்கவில்லை.

கொட்டகைகளில் மாட்டிய மறுநாளே முதல் அழைப்பு வந்தது. விண்டனுக்கு அப்பால் ஒரு பண்ணையில் கறக்கும் அராசெலி மக்பானுவா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து எட்டு வருடம் ஆனவர். யாரையும் 'கூயா' என்பார். அவர்கள் மொழியில் அண்ணன். எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த மரியாதை மட்டும் குறையாது.

"கூயா, உங்க மாடு எனக்குக் கும்பிடு போடுது."

"பிடிக்கலையாம்மா?"

"முதல் பத்து மாட்டுக்கு நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். மொத்தம் நானூத்தி எண்பது இருக்கு. அது குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள நிஜ மாடு ஒரு உதை விட்டுட்டுப் போயிடுது."

"அதை நிறுத்தி வைக்கலாம். அமைப்புகள்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல போய்—"

"ரெண்டு கையிலயும் உறை, கூயா. உறை மேல சாணி. நான் எங்க போய் அமைப்பு தேட?"

அந்த வாரம் முப்பத்தொரு அழைப்புகள். எல்லாம் ஒரே விஷயம்தான், மொழி மட்டும் அராசெலியுடையதைவிட மோசம். ஹெதர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசையில் சூடாகச் சீஸ் ரோல் இருந்தது. ஹெதர் சீஸ் ரோல் வாங்கிவந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"கறக்குறவங்களுக்கு நாடகம் வேண்டாம் கோர்டி. நம்பர் போதும். எல்லாத்தையும் எடுத்துடு."

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒண்ணும் அசையக் கூடாது." ஹெதர் ரோலைக் கடித்து மென்றார். "மாசக் கடைசில பாப்போம். அசையாமலே நல்லா ஓடுதுன்னா..."

"அசைக்கிறவன் எதுக்குன்னு கேப்ப."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. பாதி வழி வந்துட்ட."

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆட்டைக் கம்பளமாக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்த ஊரில் வேறு வேலை கிடையாது. இதை நாங்கள் மூவரும் அறிவோம். மூன்று நாள் உட்கார்ந்து தன் மாட்டைத் தானே நீக்கினார். கண் சிமிட்டலை முதலில், துள்ளலை அடுத்து, வணக்கத்தைக் கடைசியில். நான் இரண்டாவது ரோலை எடுத்து அவர் பக்கம் தள்ளியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

புதிய திரையில் மாடு இல்லை. ஐந்து சாம்பல் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். கறப்பவருக்கு முன்னால் இருக்கும் ஐந்து மாடுகள். புது மாடு ஏறியதும் ஐந்து எண்களும் ஒரு கட்டம் தள்ளிப் போய் நிற்கும். போவது தெரியாது. நிற்பதுதான் தெரியும்.

ஒன்பது நாள் ஓர் அழைப்பும் இல்லை. ஹெதர் பாட்டு முணுமுணுத்தார். பத்தாவது நாள் ஒரு பண்ணையில் சிவப்புப் பட்டை மாட்டின் பால் பெரிய தொட்டியில் கலந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் லிட்டர் பாலை வயலில் கொட்டினார்கள். கறந்தவர் தான் தொட்டதாகச் சத்தியம் செய்தார். திரையும் தொடப்பட்டதாகத்தான் பதிந்திருந்தது. ஆனால் தொட்டது பக்கத்தில் நின்ற மாட்டின் எண்ணை. அந்த மாடு ஆரோக்கியமாக இருந்தது, அதன் பால் பத்திரமாகத் தனிப் பீப்பாயில் இருந்தது.

நிரல் எழுதுகிறவர்கள் இரண்டு நாள் தோண்டினார்கள். நிரலில் பிழை இல்லை. திரைக்கு எண்ணைச் சொல்லும் மாட்டின் காது வில்லையில் பிழை இல்லை. அப்படியானால் விரலில்தான் பிழை என்று முடிவுக்கு வந்தார்கள். அது எப்போதும் வசதியான முடிவு. அன்று அராசெலி அழைத்து, தனக்கும் இரண்டு முறை இப்படி நடக்கப் பார்த்ததாகவும், கடைசி நொடியில் கவனித்ததாகவும் சொன்னார். நான் அதைக் கோர்டனிடம் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"விரல் தொடுறப்போ அந்தம்மா கண் எங்க இருந்துச்சுன்னு கேளுங்க."

கேட்டேன்.

"மடியிலதான் இருக்கும். பின்ன உங்க மூஞ்சியிலயா?"

கோர்டன் எழுந்து நேராக ஹெதர் அறைக்குப் போனார். கதவை வழக்கமான வேகத்தில் மூடாமல் சட்டென்று சாத்தினார். அலுவலகம் நிமிர்ந்து பார்த்தது.

"ஹெதர், பட்டையைப் பாக்கறாங்க, கை கிளம்புது. கை போய்ச் சேர்றதுக்குள்ள நம்பர் மாறிடுது. மாறினது யாருக்கும் தெரியல. ஐஞ்சு கட்டமும் ஒரே சாம்பல். முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கிற மாதிரி இருக்கும்."

"அதுக்கு மறுபடி வணக்கம் சொல்லச் சொல்றியா?"

"வணக்கம் வேண்டாம். நகர்றது மட்டும் தெரியட்டும். கால் நொடி."

"கால் நொடிக்கு உனக்கு ஒரு சம்பளமா?"

ஹெதர் சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தார். கொடுமைக்காரர் அல்ல அவர். பன்னிரண்டாயிரம் லிட்டர் அவர் தலையில் இருந்தது.

"அராசெலி கொட்டகையில வியாழன், வெள்ளி. ரெண்டு மதியக் கறவை. வெள்ளிக்கிழமை நானே வரேன். அவங்களுக்கு அது வேணும்னு என் கண்ணால பாக்கணும். இல்லன்னா இல்ல."

அன்று மாலையே கோர்டன் வேலையைத் தொடங்கினார். அவரிடம் ஒரு காணொளி இருந்தது. நிறுவனத்தின் விளம்பரத்துக்காக ஹெதர் மேடையின் நடுவிலிருந்து எடுத்தது. மாடுகளின் முகங்கள் வரிசையாக வந்து போகும், பின்னால் பச்சை வயல், மிக அழகு. அதில் மாடுகள் வலமிருந்து இடமாகப் போயின. திரையிலோ எண்கள் இடமிருந்து வலமாக மாறிக்கொண்டிருந்தன. வரிசையே தலைகீழாக இருக்கிறதே என்று கோர்டன் அதையும் திருத்தினார். அந்த வரிசையை முதலில் அமைத்தவர் பண்ணையில் வளர்ந்த ஒரு பெண். அவர் யோசிக்காமலே சரியாக வைத்திருந்தார். கோர்டன் யோசித்துத் தவறாக மாற்றினார்.

நானும் வியாழக்கிழமை கூடப் போனேன். அவருக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது, ஆனால் அவர் ஒவ்வொரு திருப்பத்தையும் நேசித்து ஓட்டுவார். மதியக் கறவை தவறிவிடும்.

அராசெலி குள்ளமானவர், தோள் மட்டும் அகலம். கோர்டனை மேலும் கீழும் பார்த்தார். க்ளெனிஸின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் கோர்டன். ஊதா நிறம், பாதி வரைதான் கால் நுழைந்திருந்தது.

"நீங்கதான் கும்பிடு போட்ட மாட்டுக்கு அப்பாவா, கூயா?"

"நான்தான்."

"நல்ல வளர்ப்பு. என் மாடுங்களுக்குத்தான் அந்த மரியாதை வரல. இங்க வந்து நில்லுங்க. அங்க நிக்காதீங்க, அங்க சாணி விழும்."

கோர்டன் நகர்ந்தார். நகர்ந்த இடத்தில் விழுந்தது. தோளில் தொடங்கி மெல்ல இறங்கி, இடுப்புக்கு வந்ததும் வேகம் கூடியது. அவர் அதை ஒரு கணம் தொழில் கண்ணோடு பார்த்ததை நான் கவனித்தேன்.

கறவை தொடங்கியது. முதல் மாடு ஏறியது, திரையில் எண்கள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. இரண்டாவது மாடு. மூன்றாவது. அராசெலியின் தலை ஒரு பக்கமும் கண் இன்னொரு பக்கமும் போயின. எட்டாவது மாட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கூயா! எனக்குத் தலை சுத்துது!"

"மேடை சுத்துறதாலயா?"

"எட்டு வருஷமா மேடை சுத்துது. இன்னைக்குத்தான் தலை சுத்துது. மாடு இந்தப் பக்கம் போகுது, உங்க நம்பர் அந்தப் பக்கம் போகுது. நான் எந்தப் பக்கம் போக?"

கோர்டன் மேடையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மாடுகள் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையாக ஐந்து பிட்டங்கள், ஐந்து வால்கள், பத்துப் பின்னங்கால்கள். ஒரு முகம்கூட இல்லை.

"முகமெல்லாம் எங்க?" என்றார்.

"எந்த முகம்?"

"மாட்டோட முகம்."

"அது அந்தப் பக்கம் உள்ளார இருக்கும், கூயா. எட்டு வருஷத்துல நான் பாத்ததில்ல. என்னோட பேச்சுவார்த்தை எல்லாம் இந்தப் பக்கத்தோடதான்."

கோர்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வாரம் அவர் வரைந்த முகத்தை, சிமிட்ட வைத்த கண்ணை, கறக்கிற எவரும் ஒருநாளும் பார்ப்பதில்லை. காணொளி எடுத்த ஹெதர் அழகான பக்கத்தில் நின்று எடுத்தார், கோர்டன் அந்த அழகான பக்கத்துக்கு வரைந்தார். மேடையின் நடுவிலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகிவிடும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். அவர் யோசித்ததில்லை, அங்கே போய் நின்றதும் இல்லை.

அராசெலி அந்த மதியம் முழுவதும் திரையைப் பார்க்காமல், பட்டை மாடு வரும்போதெல்லாம் என்னைக் கத்தி அழைத்து, என்னையே எண்ணைத் தொடச் சொன்னார். கோர்டன் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மடிக்கணினிக்கு மேல் பாலித்தீன் உறையைப் போர்த்திக்கொண்டு தட்டினார். இரண்டு விஷயம் செய்தார். வரிசையை மாடு போகும் பக்கம் திருப்பினார். விரல் எந்த எண்ணைத் தொட்டாலும், அந்தக் கட்டம் உடனே, அந்த நொடியே சிவக்கும்படி செய்தார். அதில் ஒரு சொட்டு நகர்வு இல்லை, மிதப்பு இல்லை.

"இதுக்கு அசைவு வேண்டாமா?" என்றேன்.

"தொட்டதுக்குப் பதில் உடனே வரணும். காக்க வைக்கக் கூடாது. இடம் மாறுறதுதான் தெரியணும்."

அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மேல் அடித்த வாடையும் அவ்வளவு தெளிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஹெதர் வந்தார். கறவை பாதியில் இருந்தது. எண்கள் கால் நொடியில், மாடு போகும் பக்கம், ஒரு கட்டம் நகர்ந்து நின்றன. அராசெலி குழாய் மாட்டினார், பட்டை மாடு வந்தால் தொட்டார், மறுபடி குழாய் மாட்டினார். பேத்தி பிறந்த தோழியைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டும் இருந்தார். ஹெதர் பத்து நிமிடம் பார்த்தார்.

"அராசெலி, அனிமேஷன் எப்படி இருக்கு?"

"எந்த அனிமேஷன்?"

"திரையில. இப்போ நகருதே."

அராசெலி முதல் முறையாகத் திரையை நேராகப் பார்த்தார். "ஒண்ணும் நகரலையே. அதையெல்லாம் கூயா நேத்தே எடுத்துட்டாரு. இப்போதான் நல்லா இருக்கு."

கோர்டனின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். வேலை நன்றாக அமைந்ததால் அது கண்ணில் படவில்லை. கண்ணில் படாததால் அது இல்லை என்று சாட்சி சொல்லப்பட்டது. ஹெதரின் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் முடிவும் இருந்தது.

"சரி கோர்டி. அப்போ அதை நிறுத்திக் காட்டு. வித்தியாசம் இருந்தா நானும் பாக்கறேன்."

ஒரு பொத்தான் போதும். நிறுத்தியிருந்தால் ஒருவேளை அரை நிமிடத்தில் அராசெலி கத்தியிருப்பார். கோர்டன் மடிக்கணினியை மூடினார்.

"மாட்டேன்."

"ஏன்?"

"மேடைமேல இன்னும் ரெண்டு சிவப்பு இருக்கு."

"ஒரு நிமிஷம்தானே?"

"அந்த ஒரு நிமிஷத்துலதான் தொட்டி போகும். எனக்கு வேலை போனா போகட்டும்."

ஹெதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது முதல் ஈற்று மாடு ஒன்று உதைத்தது. நான்கு குழாய்களும் பறந்தன. அராசெலி இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, தலையை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்து நின்றார். அதற்கு முந்தி ஏறிய மாட்டின் காலில் சிவப்புப் பட்டை. அது கடந்து போய்க்கொண்டிருந்தது, யாரும் தொட்டிருக்கவில்லை.

"ஹெதர்! அந்தப் பட்டை! தொடு, தொடு!" என்று கோர்டன் கத்தினார்.

ஹெதர் திரைக்கு அருகில் நின்றவர். மாட்டைப் பார்த்தார், கை கிளம்பியது. கை பாதி வழியில் இருக்கும்போது அடுத்த மாடு ஏறியது. எண்கள் நகர்ந்தன. அவர் கையும் கூடவே நகர்ந்தது. அவர் நகர்த்தியதாகத் தெரியவில்லை, தானாகப் போனதுபோல இருந்தது. தொட்டார். கட்டம் சிவந்தது. பக்கவாட்டில் இருந்த தனிப் பீப்பாயின் குழாயில் பால் பாய்ந்தது.

"முன்னூத்தி ஆறா?" என்று அராசெலி விலாவுக்குள்ளிருந்து கேட்டார்.

"முன்னூத்தி ஆறு."

"அதேதான். காலை எடுடி, கழுதை." கடைசி வார்த்தை மாட்டுக்கு.

ஹெதர் தன் கையைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய் நீண்ட நேரம் கை கழுவினார். பாதிக் கறவையில் யாரும் அப்படிக் கழுவமாட்டார்கள். திரும்பி வந்து கோர்டனிடம், "எனக்கு எந்த மாடுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"அது போனதை நீ பாத்த."

"நான் பாக்கலையே."

"பாத்த."

பாராட்டு என்று எதுவும் வரவில்லை. ஹெதர் பாராட்டுகிறவர் அல்ல, இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பிடிக்கும். காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

"நமக்கு முப்பத்தாறு கொட்டகை இருக்கு. எது எந்தப் பக்கம் சுத்துதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. திங்கக்கிழமை ஆரம்பி. கறக்குறவங்க நிக்கிற பக்கம் போய் நின்னு பாரு. பூட்ஸ் வாங்கிக்கோ, உன் அளவுல."

அப்படித்தான் அவர் வேலை இன்றும் இருக்கிறது. இருபத்திரண்டு கொட்டகைகள் ஒரு பக்கம் சுற்றுகின்றன, பதின்மூன்று மறுபக்கம். மேடை வேகம் ஒவ்வொன்றிலும் வேறு. அதற்கேற்ப கால் நொடியை ஒரு மயிரிழை கூட்டுவார், குறைப்பார். வரைவது குறைந்துபோயிற்று.

முப்பத்தாறாவது டுவாடாபெரேயில் இருந்தது. சுழல் மேடை இல்லாத பழைய கொட்டகை. மாடுகள் இருபது இருபதாக வரிசையில் வந்து நிற்கும், கறப்பவர் நடுப் பள்ளத்தில் நடந்துபோய்க் குழாய் மாட்டுவார். கோர்டன் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஒரு கறவை முழுக்க நின்றார். வெளியே மழை கிடையாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஹெதரை அழைத்தார். ஹெதர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"இங்க மாடு நகரவே இல்ல, ஹெதர். ஆள்தான் நகர்றாரு."

"சரி. அப்போ என்ன அசைக்கணும்?"

எதிர்முனையில் ஒரு மாடு கத்தியது கேட்டது.

"எதையும் அசைக்க வேண்டாம்" என்றார் கோர்டன். "நம்பர் அது அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."